கம்ப்ரசருக்கும் சுவத்து பைப்புக்கும் நடுவுல ஒரு மூணு அடி ஹோஸ்

நம்ம பட்டறை கோயமுத்தூர் கணபதி பக்கம். ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், பின்னாடி ஒரு சின்ன பெயிண்டிங் ரூம், மூலைல 5 ஹெச்பி பெல்ட் கம்ப்ரசர், 220 லிட்டர் டேங்க். கம்ப்ரசர் வந்த புதுசுல சுவத்தோரமா அரை இன்ச் ஜிஐ பைப் ஓட்டி, அதையே நேரா கொண்டாந்து டேங்க் வால்வுல மாட்டிட்டோம். பாக்க நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு, வந்தவங்க எல்லாம் நல்லா பண்ணியிருக்கீங்கன்னு வேற சொல்லிட்டு போனாங்க.

எட்டு மாசம் தாங்குச்சு. ஒரு நாள் காலைல ஷட்டர தூக்குனா கம்ப்ரசர் தானா ஓடிட்டு இருக்கு, ராத்திரி யாரோ மெயின ஆஃப் பண்ண மறந்துட்டாங்க, மோட்டார தொட முடியல அவ்ளோ சூடு, எங்கயோ ஸ்ஸ்ஸ்னு சத்தம் மட்டும் கேக்குது. தேடி பாத்தா வால்வுக்கும் டேங்க் சாக்கெட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன நிப்பிள், ரெண்டு பக்கமும் மரை வெட்டுன துண்டு பைப், இருக்கும்ல, அதுல மரை முடியற எடத்துல முடி கனத்துக்கு ஒரு விரிசல், பாதி சுத்து ஓடியிருக்கு. அது வால்வுக்கு முன்னாடி இருக்கற எடம், அதனால வால்வ மூடியும் பிரயோஜனம் இல்ல. மோட்டார நிறுத்திட்டு கீழ டிரெயின திறந்து மொத்த காத்தும் போற வரைக்கும் தள்ளி நின்னு பாத்துட்டுத்தான் இருக்க முடிஞ்சுது.

ஏன் அப்படி ஆச்சுன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள். பெல்ட் கம்ப்ரசர் நிமிஷத்துக்கு ஒரு 800 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு சுத்துக்கும் டேங்க் ஒரு தடவை ஆடும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடுனா 1,92,000 ஆட்டம். எட்டு மாசத்துல 200 வேலை நாள்னா நாலு கோடிக்கு பக்கம். சுவத்து பைப் ஆடாது, அது கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கு. ஒரு பக்கம் ஆடுது, ஒரு பக்கம் ஆட மாட்டேங்குது, நடுவுல மாட்டுனது அந்த நிப்பிள். மரை வெட்டுன எடத்துல பைப்போட கனம் பாதிதான் இருக்கும், கம்பிய முன்னாடி பின்னாடி வளைச்சு வளைச்சு ஒடிப்போம்ல அதே கதைதான் அங்க நடந்துருக்கு. நமக்கு நிப்பிளோட போச்சு. சில எடத்துல நிப்பிள் கெட்டியா இருந்து டேங்க்ல வெல்டு பண்ணியிருக்கற சாக்கெட்டே விரிசல் விட்டுரும், அப்படி ஆச்சுன்னா தயவு செஞ்சு பக்கத்து வெல்டர கூப்பிட்டு ஒரு ராடு வெச்சு ஓட்டிடாதீங்க, அது பிரஷர் டேங்க், தண்ணி டிரம் கெடையாது. 220 லிட்டர் டேங்க்ல 8 கிலோ காத்து (சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ, கிட்டத்தட்ட 8 பார்) நின்னா வெளிய வந்தா 1,760 லிட்டருக்கு விரியற காத்து அது.

அதுக்கப்புறம்தான் நடுவுல ஹோஸ் போட்டோம். அதுலயும் மொத தடவை தப்பாத்தான் போட்டோம், அத பின்னாடி சொல்றேன்.

மொதல்ல எங்க போடறதுன்னு தெளிவா புரிஞ்சுக்கோங்க, இதுல குழம்பறவங்க நெறைய பேர். கம்ப்ரசர் ஹெட்ல இருந்து டேங்குக்கு ஒரு காப்பர் பைப்போ, ஃபின் வெச்ச பைப்போ போகும், அது டேங்க்ல சேர்ற எடத்துல ஒரு என்ஆர்வி, அதாவது காத்த திரும்பி போக விடாத ஒருவழி வால்வு, இருக்கும். அந்த லைனுக்கு ரப்பர் ஹோஸ் போடவே கூடாது. அமுங்குன காத்து ஹெட்ட விட்டு வரும்போது கொதிக்கற தண்ணிய விட சூடா வரும், சாதாரண ரப்பர் ஹோஸ்ல 100 டிகிரி வரைக்கும்னுதான் போட்டிருப்பான், கொஞ்ச நாள்லயே உள்ள கருகி செதில் செதிலா பேந்து என்ஆர்விக்குள்ள போய் உக்காந்துக்கும். அந்த பைப் உடைஞ்சா கம்ப்ரசர் கம்பெனி பைப்பையே வாங்கி மாட்டுங்க. நம்ம ஹோஸ் வர வேண்டியது டேங்க்ல காத்து வெளிய வர்ற பால் வால்வுக்கு அப்புறம், சுவத்து பைப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. டேங்க், நிப்பிள், பால் வால்வு, ஹோஸ், சுவத்து பைப். இந்த வரிசை மாறக்கூடாது. வால்வு ஹோஸுக்கு முன்னாடி இருந்தாத்தான் நாளைக்கு ஹோஸ் பிச்சுக்கிட்டா ஒரு கைல மூடிட்டு உயிரோட வெளிய வரலாம். ஃபில்டர், ரெகுலேட்டர் எல்லாம் டேங்க்லயே தொங்க விட்டா அழகா இருக்கும்னு சில பேர் மாட்டுவாங்க, வேண்டாம், அந்த வெயிட்டும் சேந்து ஆடி அதே நிப்பிள்தான் அடி வாங்கும். அதெல்லாம் சுவத்துக்கு போகட்டும்.

இப்ப எந்த ஹோஸ்னு பாப்போம். கடைல காத்து ஹோஸ்னு கேட்டா பச்சை கலர்லயோ நீல கலர்லயோ நூல் பின்னுன பிவிசி ஹோஸ் எடுத்து குடுப்பாங்க. நாங்க மொத தடவை போட்டது அதுதான், ரெண்டு பக்கமும் பல்லு வெச்ச நாசில் சொருகி திருகற கிளிப்ப போட்டு முறுக்கினோம். வெயில் காலம், தகர ஷெட்டு, மத்தியானம் ஆச்சுன்னா அந்த பிவிசி கொழகொழன்னு ஆயிடுது, கிளிப்பு புடிச்ச எடத்துல கொஞ்சம் கொஞ்சமா நழுவி ஏப்ரல் மாசம் ஒரு நாள் டொப்புனு கழண்டுச்சு. யாரும் பக்கத்துல இல்ல, கடவுள் புண்ணியம். பக்கத்து செவுத்துல மாட்டியிருந்த காலண்டர் கிழிஞ்சு தொங்குச்சு. பிவிசி ஹோஸ கைல புடிச்சு ஊதறதுக்கு வெச்சுக்கோங்க, அது கடைசி முனைல இருக்கற வேலை. டேங்க் வாசல்ல 24 மணி நேரமும் ஃபுல் பிரஷர் தாங்கற எடத்துல வேண்டாம். பியூ டியூபும், அதாவது பாலியூரிதேன் பிளாஸ்டிக் குழாயும், அப்படித்தான்.

ரெண்டு நல்ல சாய்ஸ் இருக்கு. ஒண்ணு ரப்பர் ஏர் ஹோஸ், உள்ள நூல் பின்னல் இருக்கும், மேல 20 பார் இல்லாட்டி 300 பிஎஸ்ஐனு அச்சடிச்சிருக்கும். இன்னொண்ணு ஹைட்ராலிக் ஹோஸ், ஜேசிபில எல்லாம் இருக்கும்ல கறுப்பா, உள்ள ஒரு அடுக்கு ஸ்டீல் கம்பி பின்னுனது, அதுக்கு 1எஸ்என்னு பேரு. அரை இன்ச் 1எஸ்என் ஹோஸுக்கு 160 பார் வேலை பிரஷர். நம்ம கம்ப்ரசர் 10 பார்ல கட் ஆயிடும், அதாவது 145 பிஎஸ்ஐ, அப்ப இது ரொம்ப ஓவர்தான், ஆனா ஓவரா இருக்கறதால நமக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல, உள்ள ரப்பர் எண்ணெய் தாங்கற ரப்பர், பிஸ்டன் கம்ப்ரசர் காத்தோட கொஞ்சம் எண்ணெயும் சேத்துத்தான் அனுப்பும் அதனால அது ரொம்ப முக்கியம். அதோட ஊர்ல எந்த மூலைல போனாலும் ஹைட்ராலிக் ஹோஸ் கடை இருக்கு, அளவு சொன்னா நின்ன எடத்துலயே வெட்டி, முனைல ஃபிட்டிங்க மிஷின்ல அமுக்கி கிரிம்ப் பண்ணி குடுத்துருவாங்க. ரெண்டு அடுக்கு கம்பி இருக்கற 2எஸ்என் எடுக்காதீங்க, அது வெறப்பா இருக்கும், நாம எதுக்கு ஹோஸ் போடறோமோ அந்த வேலையவே அது செய்யாது.

கடைக்கார அண்ணன்கிட்ட போய் கேட்டப்போ நடந்தது இது.

"ஏனுங் தம்பி, எந்த வண்டிக்கு?"

"வண்டிக்கு இல்லீங்ணா, கம்ப்ரசர் டேங்க்ல இருந்து சுவத்து பைப்புக்கு."

"அப்ப ரெண்டு பக்கமும் சுத்தற நட்டு போட்டுடறேன். அந்த பக்கம் என்ன நிப்பிள் வெச்சிருக்கீங்க?"

"ஜிஐ நிப்பிள்தானுங்ணா, சாதா."

அவரு சிரிச்சுட்டு உள்ள போய் ஒரு ஸ்டீல் நிப்பிள எடுத்துட்டு வந்து வாய காட்டுனாரு. லேத்துல கடைஞ்சது, வாய்க்குள்ள புனல் மாதிரி சரிவா 60 டிகிரி வெட்டியிருக்கு. ஹோஸ் நட்டுக்குள்ள இருக்கற மூக்கு அந்த சரிவுல போய் உக்காந்தாத்தான் லீக் இல்லாம நிக்கும். ஜிஐ நிப்பிள் வாய் தட்டையா, பிசுறோட இருக்கும், நட்டு மரைல நல்லா ஏறும், இறுக்கவும் இறுக்கிடலாம், ஆனா மூக்குக்கு உக்கார எடம் இல்ல. அது தெரியாம டெஃப்லான் டேப்ப சுத்து சுத்துனு சுத்தி இறுக்கிட்டு ஹோஸ் சரியில்லைன்னு கடைக்காரர திட்டறவங்கள நான் பாத்துருக்கேன், அண்ணன் சொல்லலைன்னா நானும் அதத்தான் பண்ணியிருப்பேன்.

அதனால கடைக்கு போகும்போது ஹோஸ் மட்டும் வாங்காதீங்க, ரெண்டு பக்கத்துக்கும் சரிவு வாய் வெச்ச ஹெக்ஸ் நிப்பிள் ரெண்டு சேத்து வாங்கிட்டு வாங்க. அதுல ஒரு பக்கம் டேப் சுத்தி வால்வுக்குள்ள போற மரை, இன்னொரு பக்கம் ஹோஸ் நட்டு ஏறற மரை. டேப் வால்வுக்குள்ள போற பக்கம் மட்டும்தான். ஹோஸ் நட்டு பக்கம் டேப்பே வேண்டாம், அங்க சீல் பண்றது அந்த மூக்கும் சரிவும்தான், மரை இல்ல.

மரைலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. நம்ம ஊர்ல கெடைக்கறது எல்லாம் பிஎஸ்பி மரை, பிரிட்டிஷ் அளவு. அமெரிக்கா மாடல் கம்ப்ரசர் யாராவது செகண்ட்ஸ்ல வாங்கியிருந்தா அதுல என்பிடிங்கற அமெரிக்க அளவு மரை இருக்கும். கால் இன்ச்ல பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18, அதனால ரெண்டு சுத்துலயே கடிச்சுக்கிட்டு தப்புன்னு காட்டிக்குடுத்துரும். ஆனா அரை இன்ச்லயும் முக்கால் இன்ச்லயும் ரெண்டுக்குமே 14 மரைதான், அது நாலஞ்சு சுத்து சமத்தா உள்ள போகும், கோணம் மட்டும் 55க்கு 60னு மாறி இருக்கும், இறுக்குன மாதிரியே இருந்துட்டு லீக் ஆகும், இன்னும் இறுக்குனா சாக்கெட்ட பொளந்துரும். சந்தேகம் இருந்தா மரை கேஜ் வெச்சு பாத்துக்கோங்க, லேத் வெச்சிருக்கற எல்லாருகிட்டயும் ஒண்ணு கெடக்கும்.

அளவு எவ்ளோன்னா டேங்க் வாய் என்ன சைஸோ அதுக்கு கொறையாம. டேங்க்ல அரை இன்ச்னா அரை இன்ச் ஹோஸ், முக்கால்னா முக்கால். சின்னதா போட்டா பெயிண்ட் கன் அடிக்கும்போது காத்து திணறும். பெருசா போனாலும் ஒண்ண ஞாபகம் வெச்சுக்கோங்க, 8 கிலோ பிரஷர்ல அரை இன்ச் ஹோஸ் முனைய தள்ளற பலம் சுமார் 10 கிலோ, முக்கால் இன்ச்ல 23 கிலோ, ஒரு இன்ச்ல 40 கிலோ. கழண்டா எவ்ளோ வீச்சா அடிக்கும்னு இதுல புரியும்.

நீளம்தான் எல்லாரும் கண்ணால குத்துமதிப்பா சொல்ற விஷயம், அங்கதான் தப்பு நடக்குது. ஒவ்வொரு ஹோஸுக்கும் இதுக்கு மேல வளைக்காதன்னு ஒரு அளவு இருக்கு. அரை இன்ச் 1எஸ்என்னுக்கு வளைவு ஆரம் 180 மில்லி, முக்காலுக்கு 240, ஒரு இன்ச்சுக்கு 300. டேங்க்ல இருந்து பக்கவாட்டுல வந்து மேல திரும்பற மாதிரி ஒரு எல் வளைவுனா அரை இன்ச்ல வளைவுக்கு மட்டும் 283 மில்லி, ரெண்டு முனைலயும் கிரிம்ப்ப ஒட்டி ஒரு மூணு மூணு இன்ச் நேரா இருக்கணும், ஃபிட்டிங்கோட நீளம் வேற, அப்ப கொறஞ்சது ரெண்டு அடி. யூ மாதிரி முழுசா திரும்பணும்னா வளைவே 565 மில்லி, எல்லாம் சேத்தா மூணு அடி ஆயிடும். நாங்க போட்டது மூணு அடி. அதுக்கு மேல போனா தரைல பொரளும், ஆளு தடுக்கும், கட்டர் சில்லு மேல விழும், நாய் கூட கடிக்கும். முக்கால் இன்ச்ல யூ வளைவு வேணும்னா கிட்டத்தட்ட நாலு அடி பாத்துக்கோங்க, இல்லைன்னா சுவத்து பைப்போட வாய் எடத்த மாத்திட்டு எல் வளைவுலயே முடிச்சுக்கோங்க.

அளவு எடுக்கறதுக்கு டேப்ப விட ஒரு பழைய வெல்டிங் கேபிள் துண்டு நல்லது. அத டேங்க் வால்வுல இருந்து சுவத்து பைப் வாய் வரைக்கும் தொங்க விட்டு, நமக்கு புடிச்ச மாதிரி வளைவு வர்ற வரைக்கும் நகட்டி, மார்க் பண்ணி, அந்த கேபிளையே கடைக்கு கொண்டு போயிடுங்க. விறைப்பா இழுத்து அளக்காதீங்க. பிரஷர் ஏறுனா ஹோஸ் நீளம் மாறும், 2 சதவீதம் நீளவும் செய்யும், 4 சதவீதம் வரைக்கும் சுருங்கவும் செய்யும். மூணு அடி ஹோஸ் ஒண்ணேகால் இன்ச்க்கு மேல சுருங்கலாம்னு அர்த்தம். டைட்டா கட்டுன ஹோஸ் அப்படி சுருங்குனா கிரிம்ப்ப புடிச்சு இழுக்கும், ஆட்டத்தையும் அப்படியே பைப்புக்கு கடத்தும், அப்ப ஜிஐ பைப் போட்டதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல.

சரி மாட்டற வேலைக்கு வருவோம். மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு ஃபியூஸ் கேரியர உருவி பாக்கெட்ல போட்டுக்கோங்க. பிரஷர் ஸ்விட்ச் வெச்ச கம்ப்ரசர் அது, பிரஷர் எறங்குனா தானா ஸ்டார்ட் ஆகும், நாம காத்த எறக்கறோம்னு அதுக்கு தெரியாது, பெல்ட் பக்கத்துல கை இருந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் டேங்க் அடில இருக்கற டிரெயின திறந்து மொத்த காத்தையும் விடுங்க. துருத்தண்ணியா வரும், பழைய துணி வெச்சுக்கோங்க. கேஜ் முள்ளு ஜீரோல நின்னதும் ஒரு தட்டு தட்டி பாருங்க, பழைய கேஜ் சில சமயம் மாட்டிக்கிட்டு பொய் சொல்லும், அதனால டிரெயின திறந்தபடியே விட்டுட்டு வேலைய ஆரம்பிக்கறதுதான் புத்திசாலித்தனம்.

பழைய நிப்பிள கழட்டும்போது சாக்கெட்ட ஒட்டி டேங்க் பெயிண்ட்டுல சுத்தியும் வெடிப்பு கிடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. பெயிண்ட் மயிர்க்கோடு மாதிரி விரிஞ்சு, துரு கசிஞ்சு இருந்தா அங்க நின்னுக்கோங்க, டேங்க் ஆளு வந்து பாக்காம மேல போக வேண்டாம். நல்லா இருந்தா வயர் பிரஷ்ஷால மரைய சுத்தம் பண்ணி, புது நிப்பிள்ல டேப் சுத்துங்க. மரைய நம்ம மூஞ்சிக்கு நேரா புடிச்சா கடிகாரம் சுத்தற திசைல, நாலஞ்சு சுத்து, நல்லா இழுத்து. நுனில இருக்கற மொத மரைய வெறுமனே விடுங்க, அங்க சுத்துன டேப் பிசிறாகி உள்ள போய் எங்கயோ ஒரு சாலினாய்டு வால்வுல (கரண்ட்ல திறந்து மூடற வால்வு) மாட்டிக்கும், ஆறு மாசம் கழிச்சு அது ஏன் ஒட்டிக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

பால் வால்வ ஏத்தும்போது ஸ்பேனர் போடற எடம் முக்கியம். பித்தளை வால்வோட ரெண்டு முனைலயும் ஹெக்ஸ் இருக்கும். எந்த முனை நிப்பிள்ல ஏறுதோ அந்த முனைலதான் ஸ்பேனர் போடணும். அடுத்த முனைல பைப் ரிஞ்ச போட்டு முறுக்குனா வால்வு நடுவுல இருக்கற ஜாயிண்ட் சுத்திக்கும், அப்புறம் ஹேண்டில் பக்கத்துல பொசபொசன்னு லீக். ஹேண்டில் ஆளு நிக்கற பக்கம் வர்ற மாதிரி நிறுத்துங்க, அவசரத்துக்கு டேங்குக்கு பின்னாடி கை விட்டு தேடற மாதிரி வைக்காதீங்க.

அப்புறம் ஹோஸ். மொதல்ல ரெண்டு பக்க நட்டையும் கையால மூணு நாலு சுத்து ஏத்திட்டு, ஹோஸ் எப்படி விழுதுன்னு தள்ளி நின்னு பாருங்க. ஹோஸ் மேல நீளவாக்குல எழுத்து அச்சடிச்ச கோடு ஒண்ணு போகும். அது இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே பக்கமா போகணும். திருகாணி மாதிரி சுத்திக்கிட்டு போச்சுன்னா ஹோஸ் முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்படியே விட்டா உள்ள இருக்கற கம்பி பின்னல் ஒரு பக்கமா இழுபட்டு சீக்கிரம் போயிடும். இறுக்கும்போது நட்டுல ஒரு ஸ்பேனர், கிரிம்ப்ப ஒட்டி இருக்கற ஹெக்ஸ்ல இன்னொரு ஸ்பேனர், ரெண்டு கையும் வேணும். ஒரு ஸ்பேனர்ல இறுக்குனா நட்டோட ஹோஸும் சேந்து சுத்தும். நம்ம பையன் ஒருத்தன் ஒத்தக்கைல அப்படி இறுக்கிட்டு, "அண்ணா, செமையா டைட் ஆயிடுச்சு"ன்னான், பாத்தா எழுத்துக்கோடு ஜிலேபி மாதிரி சுத்தியிருக்கு.

வளைவு எந்த பக்கம் இருக்கணும்னும் ஒரு கணக்கு இருக்கு. நேரா நீட்டி வெச்ச ஹோஸ் குறுக்க ஆடறத நல்லா வாங்கிக்கும், ஆனா நீளவாக்குல தள்ளி இழுத்தா வாங்காது, கம்பு மாதிரி தள்ளும். கம்ப்ரசர் ஓடும்போது டேங்க் மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு எந்த பக்கம் தளும்புதுன்னு பாருங்க, பெரும்பாலும் பெல்ட் வீல் சுத்தற வாக்குல ஆடும், கிராங்க் ஷாஃப்ட் வாக்குல கம்மியா ஆடும். அதனால ஹோஸ் நேரா போற துண்டு ஷாஃப்ட் வாக்குல இருந்தா நல்லது. எல் வளைவோ யூ வளைவோ இருந்தா இந்த கவலையே கம்மி, அது எல்லா பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கும். அதுக்குத்தான் நேரா போடாம வளைச்சு போட சொல்றேன்.

சுவத்து பக்கம் ஹோஸ் சேர்ற எடத்துல இருந்து அரை அடிக்குள்ள பைப்புக்கு ஒரு கிளாம்ப் கட்டாயம் போடுங்க. இல்லைன்னா ஹோஸ் வாங்குன ஆட்டத்துல மிச்சம் மீதி பைப் முனைய ஆட்டும். அங்க ஒரு டீ போட்டு கீழ ஒரு முக்கால் அடி பைப்பும் அதுக்கு ஒரு டிரெயின் வால்வும் விட்டீங்கன்னா டேங்க்ல இருந்து தப்பிச்சு வர்ற தண்ணி அங்கயே நின்னுக்கும். மெயின் பைப்ப அங்க இருந்து போகப்போக லேசா கீழ எறங்கற மாதிரி ஓட்டி, 100 அடிக்கு ஒரு அடி போதும், ஒவ்வொரு எடத்துக்கும் கிளை எடுக்கும்போது பைப்போட மேல் பக்கம் இருந்து எடுத்து வளைச்சு எறக்குங்க. பெயிண்டிங் ரூம் இருக்கறவங்களுக்கு இது புரியும், ஒரு சொட்டு தண்ணி கன்ல வந்தா அடிச்ச பெயிண்ட்டு மொத்தமும் போச்சு.

சுவத்து லைனுக்கு பிவிசி பைப் போடறவங்க இன்னும் இருக்காங்க, சீப்பா கெடைக்குது, ஒட்டுனா வேலை முடிஞ்சுதுன்னு. தண்ணிக்கு நல்ல பைப்தான். தண்ணி அமுங்காது, பைப் விரிஞ்சா ஒழுகும் அவ்ளோதான். காத்து அமுங்கி உள்ள உக்காந்துருக்கும், பைப் விரிஞ்சா அந்த பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி துண்டு துண்டா பறக்கும். அமெரிக்கால தொழிலாளர் பாதுகாப்பு துறை 1988லயே இத காத்துக்கு தரைக்கு மேல போடாதீங்கன்னு எச்சரிக்கை விட்டுட்டாங்க. ஜிஐயோ அலுமினியமோ போட்டுட்டு நிம்மதியா இருங்க.

முக்கால் இன்ச்சும் அதுக்கு மேலயும் போறவங்க ரெண்டு முனைக்கும் ஒரு பாதுகாப்பு வயர் கட்டிடுங்க, விப் செக்னு கடைல ரெடிமேடா கெடைக்கும், ரெண்டு பக்கமும் சுருக்கு மாதிரி இருக்கும், ஒண்ணு வால்வு பக்கம் ஒண்ணு ஹோஸ் பக்கம். அரை இன்ச்சுக்கு அவசியம் இல்லைன்னு சொல்வாங்க, காலண்டர் கிழிஞ்சத பாத்த அப்புறம் நான் அரை இன்ச்சுக்கும் கட்டியிருக்கேன்.

கம்ப்ரசர் காலையும் ஒரு பார்வை பாத்துருங்க, ஹோஸ் போட்டும் ஆட்டம் அதிகமா இருந்தா கோளாறு அங்கதான். நாலு காலும் தரைல சமமா உக்காரணும், ஒரு கால் தூக்கிக்கிட்டு இருந்தா அடில தகடு குடுத்து சமன் பண்ணி, கீழ ரப்பர் பேட் வைங்க. ஃபவுண்டேஷன் போல்ட் போட்டு கல்லாட்டம் இறுக்காதீங்க, காலுக்கும் டேங்குக்கும் நடுவுல இருக்கற வெல்டு வெடிக்கும். நட்டு ரப்பர தொட்டுட்டு நிக்கற அளவு போதும்.

இப்ப காத்த ஏத்தலாம். டிரெயின மூடி, பால் வால்வ மூடி, ஃபியூஸ போட்டு ஓட விடுங்க. 2 கிலோ வந்ததும் மோட்டார நிறுத்திட்டு பால் வால்வ மெதுவா, மெதுவான்னா மெதுவா, திறங்க, டக்குனு திறந்தா ஹோஸ் ஒரு உதறு உதறும். ஒரு ரூபா ஷாம்பு பாக்கெட்ட அரை மக்கு தண்ணில கலக்கி பிரஷ்ஷால எல்லா ஜாயிண்ட்டுலயும் தடவுங்க. குமிழி விடாம இருந்தா 5 கிலோவுக்கு ஏத்தி இன்னொரு தடவை, அப்புறம் கட் ஆஃப் வரைக்கும் ஏத்தி மூணாவது தடவை. நட்டு பக்கம் நொரை வந்தா காத்த எறக்கிட்டுத்தான் இறுக்கணும், பிரஷர்ல ஸ்பேனர் போடாதீங்க. இறுக்கியும் நிக்கலைன்னா கழட்டி சரிவு வாய்ல தூசி, டேப் பிசிறு, வெட்டு ஏதாவது இருக்கான்னு பாருங்க, பாதி நேரம் அதுதான் காரணம். சின்ன லீக் தானேன்னு விடாதீங்க, 7 பார்ல ஒரு மில்லி ஓட்டைல நிமிஷத்துக்கு 70 லிட்டர் போகும், மூணு மில்லி ஓட்டைன்னா நம்ம 5 ஹெச்பி கம்ப்ரசர் குடுக்கற மொத்த காத்தும் அதுக்கே பத்தாது.

எல்லாம் சரின்னா கம்ப்ரசர் ஓடும்போது ஒரு கைய டேங்க் வால்வுலயும் இன்னொரு கைய சுவத்து பைப்புலயும் வெச்சு பாருங்க. அந்த பக்கம் கை கிறுகிறுன்னு ஆடணும், இந்த பக்கம் லேசா மூச்சு விடற மாதிரிதான் தெரியணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடுனா ஹோஸ் டைட்டா இருக்கு, இல்லைன்னா கிளாம்ப் தூரமா இருக்கு.

நட்டும் நிப்பிளும் சேர்ற எடத்துல ஒரு பெயிண்ட் மார்க்கரால கோடு போட்டுருங்க, ஒரு வாரம் கழிச்சு கோடு ஒடைஞ்சிருந்தா நட்டு கழலுதுன்னு தூரத்துல இருந்தே தெரியும். ஹோஸ் மேல தேதியும் இருக்கும், 3க்யூ24னு போட்டிருந்தா 2024 மூணாவது குவார்ட்டர்ல செஞ்சது. வாங்கும்போதே அத பாத்து வாங்குங்க, கடைல நாலு வருஷம் வெயில்ல தொங்குன ஹோஸையும் புதுசுன்னு வெட்டி குடுக்கறவங்க இருக்காங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கிரிம்ப் ஒட்டுன எடத்துல ஹோஸ லேசா வளைச்சு பாருங்க, மேல் ரப்பர்ல வெடிப்பு தெரிஞ்சாலோ, எங்கயாவது கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தாலோ, கம்பி எட்டி பாத்தாலோ அன்னைக்கே மாத்துங்க, டேப்பு சுத்தி ஓட்டாதீங்க. சாயங்காலம் ஷட்டர எறக்கும்போது பால் வால்வ மூடி, மெயின ஆஃப் பண்ணி, லைன்ல இருக்கற காத்த ஏதாவது ஒரு கன்ல அடிச்சு காலி பண்ணிட்டு போங்க. நம்ம பட்டறைல அத ஷட்டர் பூட்டு சாவிலயே ஒரு சிவப்பு துணி கட்டி ஞாபகப்படுத்திக்கறோம்.